ஒரே வீடு, இரண்டு தண்ணீர்க் கணக்கு

பெற்றோரில் ஒருவருக்குப் பாலிசிஸ்டிக் கிட்னி எனப்படும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு 50 சதவீதம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூவரும் தப்புவதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். ஒருவருக்கு மட்டும் வருவது எட்டில் மூன்று, இருவருக்கு வருவது எட்டில் மூன்று, மூவருக்கும் வருவது எட்டில் ஒன்று. ஆண், பெண் வேறுபாடு இந்தக் கணக்கில் இல்லை. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவள் தப்பினாள் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகள் உண்டு. ஒவ்வொரு பிறப்பும் தனிக் கணக்கு. இளையவளின் 50 சதவீதம் அப்படியே நிற்கிறது. குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததாகத் தெரியாமல் நோயோடு வருபவர்கள் 10 முதல் 15 சதவீதம்.

நோய்க்குக் காரணமான முதல் மரபணு, 16ஆம் குரோமோசோமில் உள்ளது, 1994இல் அடையாளம் காணப்பட்டது. இரண்டாவது 4ஆம் குரோமோசோமில், 1996இல். நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் முதல் வகை. 1999இல் ஐரோப்பியக் குடும்பங்களை வைத்து வெளியான ஆய்வில், சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பதற்கான நடு வயது முதல் வகைக்கு 54.3, இரண்டாம் வகைக்கு 74.0. இடைவெளி 19.7 ஆண்டுகள். தாத்தா 68 வயதில் மாரடைப்பில் இறந்தார், அவருக்குச் சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லை என்று ஒரு குடும்பம் சொன்னால், இரண்டாம் வகையில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வயதில் நோய் இருந்தும் வெளியே தெரியாமல் போகப் போதிய இடம் உண்டு.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். தந்தைக்கு வயது 56, டயாலிசிஸில் இருக்கிறார். தாய்க்கு 51. மகனுக்கு 30, நீர்க்கட்டியும் உண்டு, கல்லும் உண்டு. மகளுக்கு 26, இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. தமிழ்நாட்டு வீடு. கீழே வரும் எண்கள் இந்த நால்வர் மேலும் வெவ்வேறு விதமாக விழும்.

இந்த வீட்டில் அடிக்கடி உச்சரிக்கப்படும் இரத்தப் பரிசோதனை எண் கிரியேட்டினின். 40 வயது ஆணுக்கு அது டெசிலிட்டருக்கு 1.0 மில்லிகிராம் என்றால், 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 98 மி.லி. கிரியேட்டினின் 2.0 ஆனால் திறன் 42, 4.0 ஆனால் 18, 8.0 ஆனால் 8. ஒவ்வொரு முறையும் கிரியேட்டினின் இரட்டிப்பாகிறது, இழப்பு மட்டும் ஒரே அளவாக இல்லை: முதல் இரட்டிப்பில் 56 மி.லி., இரண்டாவதில் 24, மூன்றாவதில் 10. அதாவது 98இலிருந்து 8 வரை இழந்த 90 மி.லி.யில் 62 சதவீதம், அறிக்கைத் தாளில் 1 என்பது 2 ஆன காலத்திலேயே போய்விட்டது. பெரும்பாலான வீடுகளில் பதற்றம் தொடங்குவது 4இலிருந்து 8க்குப் போகும்போது. அப்போது காப்பாற்ற மீதி இருந்தது 18 மி.லி.

நீர்க்கட்டி நோயில் கிரியேட்டினின் இன்னொரு வகையிலும் தாமதமாகப் பேசுகிறது. கட்டிகள் பெருகும்போது மீதமுள்ள நல்ல வடிகட்டிகள் கூடுதல் வேலை செய்து, பல ஆண்டுகளுக்கு எண்ணை இயல்பாகவே காட்டுகின்றன. அந்த ஆண்டுகளில் மாறுவது சிறுநீரகத்தின் கன அளவு. அமெரிக்காவில் 232 நோயாளிகளை மூன்று ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்வில், இரு சிறுநீரகங்களின் மொத்தக் கன அளவு தொடக்கத்தில் சராசரி 1,060 மி.லி. இயல்பான இரண்டும் சேர்ந்து 300 முதல் 400 மி.லி. தான். வளர்ச்சி ஆண்டுக்கு 5.27 சதவீதம். கூட்டு வட்டி முறையில் போட்டால் 10 ஆண்டில் 1,771 மி.லி., 20 ஆண்டில் 2,960 மி.லி.; இரட்டிப்பாக 13.5 ஆண்டுகள். அதே ஆய்வில் 1,500 மி.லி.யைத் தாண்டியிருந்த 51 பேரிடம் வடிகட்டும் திறன் ஆண்டுக்குச் சராசரி 4.33 மி.லி. குறைந்தது. 1,060இலிருந்து 1,500ஐ அடைய, மேற்சொன்ன வேகத்தில் 6.8 ஆண்டுகள் ஆகும். இவை சராசரிகள். விலகல் பெரிது, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையேகூட வேகம் வேறுபடும்.

மகளின் 26 வயதுக்கு வருவோம். குடும்பத்தில் நோய் உறுதியானவர்களுக்கு 2009இல் வகுக்கப்பட்ட ஸ்கேன் அளவுகோல் வயதைப் பொறுத்தது: 15 முதல் 39 வயதுக்குள் இரு சிறுநீரகத்திலும் சேர்த்து 3 கட்டிகள், 40 முதல் 59க்குள் ஒவ்வொன்றிலும் 2, 60க்கு மேல் ஒவ்வொன்றிலும் 4. அவளுக்கு 3 கட்டி இருந்தால் நோய் உறுதி. கட்டியே இல்லாவிட்டால் மட்டும் உடனே இல்லை என்று எழுதிவிட முடியாது. 40 வயதுக்குக் கீழே, குறிப்பாக இரண்டாம் வகையில், சாதாரண ஸ்கேன் சிறு கட்டிகளைத் தவறவிடும். எம்.ஆர்.ஐ.யில் 5க்கும் குறைவான கட்டிகள் என்றால் இல்லை எனக் கொள்ளலாம்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் வயதில் ஸ்கேன் வேண்டாம் என்பதே இங்கு வழக்கமான முடிவு. அதன் விலையும் எண்ணில் உண்டு. முன்பே உள்ள நோய்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் காத்திருக்க வேண்டிய காலத்தின் உச்சவரம்பு 2024 ஏப்ரலில் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. 26இல் தெரிந்து, தெரிவித்துப் பாலிசி எடுத்தால் 29இல் காத்திருப்பு முடிகிறது. 45இல் தெரிந்தால் 48இல். முதல் வகையின் நடு வயதான 54.3க்கு முன்னால் கையில் இருப்பது முதல் நிலையில் 25 ஆண்டுகள், இரண்டாவதில் 6.

இந்த 25 ஆண்டுகளில் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது. நோயாளிகளில் 60 சதவீதம் பேருக்கு, சிறுநீரகத் திறன் குறையும் முன்பே அழுத்தம் ஏறிவிடுகிறது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 50 வயதுக்குட்பட்ட 558 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு இலக்கு 120/70 முதல் 130/80 வரை. மற்றதற்கு 95/60 முதல் 110/75 வரை. கன அளவு வளர்ச்சி முதல் பிரிவில் ஆண்டுக்கு 6.6 சதவீதம், கடுமையான இலக்குப் பிரிவில் 5.6. ஒப்பீட்டளவில் 14.2 சதவீதம் மெதுவு. வடிகட்டும் திறனில் இரு பிரிவுக்கும் ஐந்தாண்டுகளில் தெளிவான வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கும் மின்னணு அழுத்தமானி 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 2,000 ரூபாய்க் கருவி ஐந்து ஆண்டு உழைத்தால் மாதம் 33 ரூபாய்.

இனி கல். நீர்க்கட்டி நோயாளிகளில் சிறுநீரகக் கல் வருபவர்கள் 20 முதல் 25 சதவீதம். கட்டிகள் குழாய்களை அழுத்திச் சிறுநீரைத் தேக்குவதும், கல்லைத் தடுக்கும் சிட்ரேட் சிறுநீரில் குறைவதும் முக்கியக் காரணங்கள். பொதுமக்களிடம் 75 முதல் 80 சதவீதம் கற்கள் கால்சியம் வகை, யூரிக் அமிலக் கற்கள் 10 சதவீதம் அளவில். நீர்க்கட்டி நோயில் யூரிக் அமிலத்தின் பங்கு பாதியைத் தொடுகிறது. நீர்க்கட்டி இல்லாத குடும்பங்களிலும் கல் பரம்பரையாக வருகிறது: ஏறத்தாழ 38,000 அமெரிக்க ஆண்களைப் பின்தொடர்ந்து 1997இல் வெளியான ஆய்வில், உறவில் கல் இருந்தவர்களுக்குப் புதிதாகக் கல் வரும் வாய்ப்பு 2.57 மடங்கு. விலா ஓரத்தில் வலி வந்தால் அது கல்லா, கட்டிக்குள் இரத்தக் கசிவா என்பதை வலியை வைத்துச் சொல்ல முடியாது. மருந்து செலுத்தாத சி.டி. ஸ்கேன் வேண்டும். குழாயில் இறங்கிய கல் 5 மி.மீ.க்குள் இருந்தால் 68 சதவீதம் தானாக வெளியேறும். 5 முதல் 10 மி.மீ. வரை 47 சதவீதம். வலியோடு காய்ச்சலும் இருந்தால் இந்தச் சதவீதங்களைப் பார்த்து வீட்டில் காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் பற்றிய தெளிவான எண் இத்தாலியிலிருந்து வருகிறது. முதல் முறை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் பார்த்த 1996ஆம் ஆண்டு ஆய்வில், நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு மீண்டும் கல் வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களில் 27 சதவீதம். இன்றைய வழிகாட்டல் 2.5 லிட்டர் சிறுநீர். குடிக்கும் அளவைச் சொல்லாமல் போகும் அளவைச் சொல்வதற்குக் காரணம் வியர்வை. குளிரூட்டிய அறையில் 3 லிட்டர் குடிப்பவருக்குக் கிடைக்கும் 2.5 லிட்டர், மே மாதம் வெயிலில் இருசக்கர வண்டியில் அலைபவருக்கு 4 லிட்டர் குடித்தாலும் கிடைக்காமல் போகலாம். ஆகவே அளக்க வேண்டியது 24 மணி நேரச் சிறுநீர். காலை முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை முழுவதும் ஆய்வகத்தில் தரும் 5 லிட்டர் கேனில் சேர்க்க வேண்டும். கேனின் பக்கவாட்டில் மி.லி. கோடுகள் இருக்கும். மூடி இறுக்கமாக இருக்காது, வீட்டில் வைக்க ஒதுக்குப்புறமான இடம் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை சேர்த்தால் வேலை நாளின் அளவு தெரியாது. அத்தனை சங்கடத்துக்கும் கிடைப்பது ஒரே ஓர் எண். மகனுக்கு 1,300 மி.லி. என்று வந்தால் குறைவது 1,200 மி.லி.; ஏறத்தாழ 200 மி.லி. டம்ளரில் 6 முறை. அதில் இரண்டு முறையாவது இரவில் குடிக்க வேண்டும், ஏனெனில் சிறுநீர் கெட்டியாவது தூக்கத்தில்.

கல்லுக்கு வேலை செய்யும் தண்ணீர் கட்டிக்கு வேலை செய்வதாக நிறுவப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் 184 பேரை மூன்று ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. கூடுதலாகத் தண்ணீர் குடித்த பிரிவில் சிறுநீரக வளர்ச்சி குறையவில்லை. மகன் குடிப்பது கல்லுக்காக.

அதே வீட்டில் தந்தையின் கணக்கு நேர் எதிர். டயாலிசிஸ் நோயாளிக்கு வழக்கமான வரம்பு, முந்தைய நாள் சிறுநீர் அளவோடு 500 மி.லி. சேர்த்தது. அவருக்கு 300 மி.லி. போகிறது என்றால் காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் அனைத்தும் சேர்த்து 800 மி.லி. மகனுக்கு 3 லிட்டருக்கு மேல், தந்தைக்கு அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஒரு இளநீரில் 300 மி.லி. இருந்தால் பொட்டாசியம் 500 முதல் 750 மி.கி. வரை. மகனுக்கு அது தடையில்லாத பானம். தந்தையின் ஒரு நாள் பொட்டாசியம் வரம்பு 2,000 மி.கி. என்றால் அதில் நான்கில் ஒன்றுக்குக் குறையாத பங்கு. கல்லுக்கு நல்லது என்று வீட்டில் பிழியும் வாழைத்தண்டுச் சாறும் இந்த வகையில்தான் சேரும்.

உப்பில் மட்டும் நால்வருக்கும் ஒரே கணக்கு: ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். நான்கு பேருக்கு 30 நாளில் 600 கிராம். இந்தியப் பெரியவர்களின் சராசரி, 2023இல் வெளியான தேசிய ஆய்வுப்படி 8 கிராம். நால்வருக்கு மாதம் 960 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் ஆகியவற்றின் உப்பும் இதில் அடக்கம் என்பதால், மாதம் ஒரு கிலோ பாக்கெட்டை அடுப்படியிலேயே தீர்க்கும் வீடு 960ஐத் தாண்டியே இருக்கும்.

கால்சியத்தில் பொதுக் கருத்து எண்ணோடு மோதுகிறது. கல் வந்ததும் பாலையும் கேழ்வரகையும் நிறுத்துவது வழக்கம். அடிக்கடி கால்சியம் கல் வந்த 120 ஆண்களை ஐந்து ஆண்டுகள் பார்த்த இத்தாலிய ஆய்வு (2002) 60 பேருக்குக் கால்சியத்தை நாளொன்றுக்கு 400 மி.கி. ஆகக் குறைத்தது, மற்ற 60 பேருக்கு 1,200 மி.கி. கொடுத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்தது. மீண்டும் கல் வந்தவர்கள் முதல் பிரிவில் 23 பேர், இரண்டாவதில் 12 பேர். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றுகிறது.

பரம்பரைக் கல்லில் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் ஒரு கூட்டல் உண்டு. சிஸ்டின் கல் நோய்க்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வர வேண்டும். அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வாய்ப்பு 25 சதவீதம். உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் விகிதம் 7,000 பேரில் ஒருவர். அதை அடிப்படையாக வைத்தால் அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு வாய்ப்பு ஏறத்தாழ 1,135இல் ஒன்று, தாய்மாமன் திருமணத்தில் 618இல் ஒன்று. முறையே 6 மடங்கும் 11 மடங்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் செய்த பெண்கள் 28 சதவீதம். 7,000இல் ஒன்று என்பது தமிழ்நாட்டில் அளந்த எண் இல்லை என்பதால் மடங்குகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. இந்த நோயில் தண்ணீர் அளவும் வகுத்தலில் வந்துவிடும்: ஒரு லிட்டர் சிறுநீரில் கரையும் சிஸ்டின் ஏறத்தாழ 250 மி.கி.; நாளொன்றுக்கு 1,000 மி.கி. வெளியேற்றுபவருக்கு 4 லிட்டர் சிறுநீர் வேண்டும். நீர்க்கட்டி நோய்க்கு ஒரு பக்கத்து மரபணுவே போதும் என்பதால், உறவுத் திருமணம் அதன் வாய்ப்பை இப்படிப் பெருக்குவதில்லை.

தந்தையின் டயாலிசிஸ் வாரம் 3 முறை, 4 மணி நேரம். ஆண்டுக்கு 156 அமர்வு, 624 மணி நேரம், இரவு பகல் சேர்த்து 26 நாள் இயந்திரத்தோடு. ஓர் அமர்வில் இயந்திரம் நிமிடத்துக்கு 500 மி.லி. கரைசலைச் செலுத்துகிறது: 240 நிமிடத்தில் 120 லிட்டர், ஆண்டுக்கு 18,720 லிட்டர். மையம் 30 கி.மீ. தொலைவில் என்றால் போக வர 9,360 கி.மீ. துணைக்குப் போகும் தாய்க்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. ஊர் விட்டு ஊர் செல்லும் புறநகர்ப் பேருந்தில் உண்டு.

அமர்வுக்கு 1,500 ரூபாய் என வைத்தால் ஆண்டுக்கு 2,34,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அந்த வரம்பில் உள்ள குடும்பத்துக்கு டயாலிசிஸ் செலவு வருமானத்தில் 195 சதவீதம். ஆகவே திட்டம் இல்லாமல் இந்தக் கணக்கு தொடங்கவே முடியாது. திட்டத்தின் உச்சவரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,00,000 ரூபாய், ஆளுக்கு இல்லை. அதே விலையில் ஒரு வீட்டில் இருவர் டயாலிசிஸில் இருந்தால் 4,68,000 போக எஞ்சுவது 32,000. பரம்பரை நோயில் இது வெறும் கற்பனை இல்லை.

காப்பீட்டில் அடங்காதது கூலி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக் கூலி 319 ரூபாய். 156 நாள் இழப்பு 49,764 ரூபாய். துணைக்குப் போகிறவரின் இழப்பும் சேர்ந்தால் 99,528. அப்போது அத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு உறுதி செய்திருந்த வேலையே ஆண்டுக்கு 100 நாள்தான்.

வளர்ச்சியைக் குறைக்கும் மருந்து ஒன்று உண்டு: டோல்வாப்டான். 1,445 பேரிடம் நடந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் கன அளவு வளர்ச்சி ஆண்டுக்கு 5.5 சதவீதத்திலிருந்து 2.8 ஆனது. நோய் முற்றியவர்களிடம் நடந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் வடிகட்டும் திறன் இழப்பு ஆண்டுக்கு 3.61 மி.லி.யிலிருந்து 2.34 ஆனது. இந்த வேகம் மாறாமல் நீடிக்கும் என்ற தளர்வான அனுமானத்தில், 45இலிருந்து 10க்கு இறங்க 9.7 ஆண்டு என்பது 15 ஆகிறது. தள்ளிப்போகும் 5.3 ஆண்டில் டயாலிசிஸ் அமர்வுகள் ஏறத்தாழ 820. மறுபக்கத்தில் நாளொன்றுக்கு 5, 6 லிட்டர் சிறுநீர், நாளுக்கு இரு வேளை வீதம் ஆண்டுக்கு 730 வேளை மாத்திரை, முதல் 18 மாதம் மாதந்தோறும் கல்லீரல் பரிசோதனை. பேருந்து ஓட்டுநரோ வகுப்பெடுக்கும் ஆசிரியரோ 6 லிட்டர் சிறுநீரோடு வேலை செய்வது எப்படி என்பதற்கு ஆய்வில் பத்தி இல்லை.

மாற்றுச் சிறுநீரகம் தேடும்போது அந்த 50 சதவீதக் கணக்கு திரும்பவும் வருகிறது. உடன்பிறந்தவர் திசுப் பொருத்தத்தில் முழுமையாக ஒத்துப்போக வாய்ப்பு 25 சதவீதம். நீர்க்கட்டி நோய் இல்லாதவராக இருக்க 50 சதவீதம். இரண்டும் சேர 12.5 சதவீதம். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் நெருங்கிய உறவுப் பட்டியலில் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் இருந்தனர். 2011 திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியைச் சேர்த்தது. இந்த வீட்டில் மகன் நோயாளி. மகளுக்கு எம்.ஆர்.ஐ. முடியும்வரை அவள் பெயர் எழுத முடியாது. வீட்டினரில் மரபணுக் கணக்கால் தொடப்படாத ஒரே பெயர் தாய். இரத்த வகை பொருந்தாவிட்டால், அதே நிலையிலுள்ள இன்னொரு தம்பதியோடு மாற்றிக்கொள்ளவும் 2011 திருத்தம் இடம் தருகிறது. 2019ஆம் ஆண்டு இந்தியத் தரவில் உயிருடன் உறுப்புக் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பெண்கள். பெற்றவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் ஆண்கள். நீர்க்கட்டி நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பில் வருவது. தாய் நோயாளியாக இருந்தால் இதே கழித்தல் தந்தையின் பெயரில் வந்து நிற்கும்; அந்தப் பெயர் எத்தனை முறை எழுதப்படுகிறது என்பதை 80 என்ற எண் ஓரளவு காட்டுகிறது.